குப்பைமேட்டுக்கு மேலே கறுப்புக் கோடுகள்

இந்த அறையின் ஜன்னலை யாராவது ஈரத்துணியால் துடைத்தால் நன்றாக இருக்கும். வெளியே வெயிலா மேகமா என்றே தெரியவில்லை. குறை சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை ஐயா. இத்தனை வருஷம் திரையைப் பார்த்தே பிழைத்தவன். கண்ணாடியில் ஒரு விரல் தடம் இருந்தால் கண் தானாக அங்கேதான் போய் நிற்கும்.

என் மச்சினன் விஷயமாகத்தான் வந்திருக்கிறேன். என் மனைவியின் தம்பி. விமான நிலையக் கோபுரத்தில் உட்கார்ந்து, வருகிற விமானத்துக்கு இறங்கலாம், இறங்காதே என்று சொல்கிற வேலை அவனுக்கு. அன்றைக்கு மத்தியானம் வந்த விமானத்துக்கு இறங்கலாம் என்று சொன்னவன் அவன்தான். அது ஓடுபாதையைத் தொடாமல், வேலிக்கு அந்தப் பக்கம் குப்பைமேட்டில் விழுந்தது. அதற்காக அடுத்த வாரம் அவன் மேல் வழக்குப் போட்டு உள்ளே தள்ளப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். குப்பைமேட்டுக்கு மேலே கருவி பார்க்காது என்று தெரிந்தும், கண்ணெதிரே மேகம் கறுத்து நின்றும், அலட்சியமாக இறக்கினான் என்பது குற்றச்சாட்டு. நடந்தது அப்படி அல்ல. முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். எழுதுகிறவரைக் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள். அடித்து அடித்துத் திருத்தினால் பார்க்கவே சகிக்காது.

ரேடார் என் பொறுப்பு. அது சுற்றிக்கொண்டே அலையை வீசும். எதிரே எது இருந்தாலும் பட்டுத் திரும்பி வரும். விமானம் மட்டுமா, மழை, மலை, நெடுஞ்சாலையில் போகிற லாரி, பறவைக் கூட்டம், சில நாளில் பூச்சிப் படைகூடத் திரும்பி வரும். கோபுரத்துக்கு வேண்டியது விமானம் ஒன்றுதான். மிச்சமெல்லாம் எங்கள் பேச்சில் அழுக்கு. அந்த அழுக்கை வடிகட்டி எறிவதுதான் என் பிழைப்பு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து, வருஷக்கணக்காக வடிகட்டினேன். கடைசியில் கன்னங்கரேல் என்று ஒரு திரை, அதில் பச்சைப் புள்ளியாக விமானங்கள், வேறு ஒரு தூசி இருக்காது. மற்ற நிலையத்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார்கள். நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

அப்புறம் அந்தப் பெட்டி வந்தது. புது ரேடார் வாங்க மேலிடத்துக்கு மனசில்லை. இருக்கிற ரேடாரிலேயே ஒரு பெட்டியை மாட்டி, ஆபத்தான வானிலையைக் கண்டுபிடிக்கச் செய்யலாம் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. பெட்டியோடு ஒரு பொறியாளரும் வந்தார். சின்ன வயசுப் பெண்மணி, மரியாதை தெரிந்தவர், வேலையில் சூரப்புலி. ஆனால் ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தோலை ரேடார் அலமாரியின் மேலேயே வைத்துவிட்டுப் போவார். மறுநாள் அது சுருங்கி, ஒட்டிக்கொண்டு கிடக்கும். நான் காகிதத்தால் பிடித்து எடுத்துப் போடுவேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்களுக்குள் அவரைப் பெட்டிக்காரம்மா என்றே சொல்லுவோம்.

அந்தப் பெட்டி என்ன செய்யும் என்று முதல் நாளே எங்களை உட்காரவைத்து விளக்கினார். இடிமேகத்துக்கு அடியில் சில நேரம் காற்று மொத்தமாகக் கீழே விழும். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தால் எப்படி நாலா பக்கமும் சிதறுமோ அப்படித் தரையில் மோதிச் சிதறும். இறங்குகிற விமானம் அதற்குள் நுழைந்தால், முதலில் எதிர்க்காற்று தூக்கும். விமானி வேகத்தைக் குறைப்பார். நடுவைத் தாண்டியதும் அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், இறக்கை பிடிப்பை இழக்கும். தரை பக்கத்திலேயே இருப்பதால் சுதாரிக்க நேரம் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு வேண்டியது மழையும் தூசியும் எந்தப் பக்கம் நகர்கின்றன என்கிற கணக்கு. அதாவது நான் எறிகிற அழுக்கு.

"நீங்க வேண்டாம்னு தள்ளுறதுலதான் சார் என் வேலையே இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தப்பாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் குமட்டிக்கொண்டு வந்தது. என் வீட்டுக் குப்பைத்தொட்டியை ஒருவர் கூடத்தில் கொட்டிக் கிளறிப் பார்த்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி இருந்தது.

பெட்டியை மாட்டியதும் அது கத்த ஆரம்பித்தது. குப்பைமேடு ஓடுபாதையின் கிழக்கு முனைக்கு நேர் எதிரே இருக்கிறது. லாரிகள் வந்து கொட்டும்போதெல்லாம் அங்கே மேய்கிற பறவைகள் ஒரேயடியாக எழும்பி நாலா பக்கமும் கலையும். பெட்டிக்கு அது காற்று விழுந்து சிதறுவது போலவே தெரியும். உடனே கோபுரத்தில் சிவப்பு விளக்கு, மணி. இறங்க வந்த விமானம் மறுபடி மேலே ஏறிச் சுற்றும். பயணிகள் சபிப்பார்கள், விமானக் கம்பெனிக்காரர்கள் நிலைய அதிகாரியைக் காய்ச்சுவார்கள், அவர் என்னைக் காய்ச்சுவார். கோபுரத்தில் பெட்டிக்கு அழுமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவன் என் மச்சினன். மணி அடித்த மறுநிமிஷம் எனக்குப் போன் பண்ணுவான். "மாமா, உங்க புள்ள அழுவுது. வந்து தூக்குங்க" என்பான். பின்னால் நாலு பேர் சிரிப்பது கேட்கும்.

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கெட்டவன் இல்லை. வேலையில் கெட்டி, பேச்சில் கலகலப்பு. ஆனால் நகத்தைக் கடித்து மேஜையிலேயே துப்புவான். சாப்பிட்ட கையைச் சரியாகத் துடைக்காமல் திரையைத் தொட்டுக் காட்டுவான். எண்ணெய் விரல், என் திரையில். அக்கா புருஷன் என்கிற உரிமையில் என் தோளில் சாய்ந்துகொண்டு பேசுவான். என் மனைவிக்கு அவன் தம்பி இல்லை, பிள்ளை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பெட்டிக்காரம்மா அவகாசம் கேட்டார். பறவை எது, காற்று எது என்று பெட்டிக்குக் கற்றுக்கொடுக்க இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் என்றார். அதுவரை குப்பைமேட்டுக்கு மேலே ஒரு வட்டத்தை மூடிவைக்கலாம், அந்த வட்டத்துக்குள் எது நடந்தாலும் பெட்டி மணி அடிக்காது என்று யோசனை சொன்னது நான். அவருக்கு அரைமனசு. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். மூடிய இடத்தின் மேல் கோபுரத் திரையில் மஞ்சள் கோடுகள் போட வேண்டும்.

"இங்க நமக்கு எதுவும் தெரியாதுன்னு அவங்களுக்குத் தெரியணும் சார். ஒண்ணும் இல்லாம இருக்கிறது வேற, நாம பார்க்காம இருக்கிறது வேற" என்றார்.

நியாயமான பேச்சு. நான் மறுக்கவில்லை. வட்டத்தை மூடினோம், கோடு போட்டோம், மணி நின்றது. கோபுரத்து ஆட்களுக்கும் பழகிவிட்டது. கோடு போட்ட பக்கம் மேகம் கறுத்தால் பெட்டியை நம்ப மாட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள், முன்னால் இறங்கின விமானியைக் கேட்பார்கள், சந்தேகம் இருந்தால் காத்திருக்கச் சொல்வார்கள். ஒழுங்காகத்தான் நடந்தது.

எனக்குத்தான் அந்தக் கோடுகள் ஒத்துக்கொள்ளவில்லை. என் கறுப்புத் திரையில் மஞ்சள் மஞ்சளாக, சொறி பிடித்த தோல் மாதிரி. சாப்பிட உட்கார்ந்தால் அது கண்ணுக்குள் நிற்கும், சோற்றைத் தள்ளிவைத்துவிடுவேன். என் மனைவி வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

அந்தச் சமயத்தில் பெட்டிக்காரம்மா சேர்த்துவைத்த பதிவுகளை எடுத்துக்கொண்டு தலைமையகத்துக்குப் போயிருந்தார். மேலிடத்திலிருந்து ஒரு குழு பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. சொறியோடு என் திரையை அவர்களுக்குக் காட்டுவதா? கோடுகளை எடுத்துவிடலாம் என்றால், எடுத்தது யார் என்று பெட்டி குறித்துவைத்துக்கொள்ளும். நான் எடுக்கவில்லை. கோடுகளின் நிறத்தை மட்டும் மாற்றினேன். மஞ்சளை எடுத்துக் கறுப்பு கொடுத்தேன். கறுப்பின் மேல் கறுப்புக் கோடு. நிறத்தைப் பெட்டி கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. கோடுகள் அங்கேயேதான் இருந்தன ஐயா, நான் ஒன்றையும் அழிக்கவில்லை. இதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

குழு வந்தது. திரையில் படத்தைப் பார்த்து அசந்துபோனார்கள். அவர்கள் போன பிறகு மஞ்சளைத் திரும்பக் கொடுக்க நினைத்தேன். நாளைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளினேன். பசி எடுத்தது, நன்றாகத் தூங்கினேன். ஒரு நாள் மச்சினன் கேட்டான்.

"கோடு போயிடுச்சே மாமா, பறவைப் பிரச்சினை சரியாயிடுச்சா?"

நான் "ம்" என்றேன். அவன் அதைக் கோபுரம் முழுக்கச் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து அந்தப் பக்கமும் அவர்களுக்கு மற்ற பக்கம் மாதிரி ஆகிவிட்டது. பெட்டி சும்மா இருந்தால் வானம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள்.

இது வரைக்கும் கேட்டால், சுத்தக்காரக் கிறுக்கன், ஏதோ அசட்டுத்தனம் பண்ணிவிட்டான் என்று தோன்றும். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

கோபுரத்துக்குப் போகிற படம் வேறு, என் அறையில் இருக்கிற படம் வேறு. என் அறையில் ஒரு திரையில் எல்லாம் வடிகட்டாமல் தெரியும். மூடிய வட்டமும் தெரியும். அதை நான் பெரும்பாலும் அணைத்துவைத்திருப்பேன். அன்று மத்தியானம் காற்று புழுக்கமாக இருந்தது, தூரத்தில் இடி. எதற்கும் பார்ப்போம் என்று போட்டேன். குப்பைமேட்டுக்கு மேலே மேகம் திரண்டு நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவிலிருந்து காற்று விழுந்து விரிய ஆரம்பித்தது. பறவை இல்லை. பறவை எப்படிக் கலையும் என்று எனக்குத் தெரியும், அத்தனை மாதம் பார்த்தாயிற்று. எங்களை நோக்கி வருகிற காற்று பச்சை, விலகிப் போகிற காற்று சிவப்பு, பெட்டிக்காரம்மா பாடத்தில் காட்டின அதே உருவம். அதை நோக்கி ஒரு புள்ளி வந்துகொண்டிருந்தது.

வட்டத்தைத் திறந்தால் அழுமூஞ்சி உடனே கத்தியிருக்கும். விரல் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் யோசித்தேன். பதறாமல் யோசித்தேன். இதுவரை அந்தப் பெட்டி ஒரு தடவைகூடச் சரியாகக் கத்தினதில்லை. அதைக் கழற்றிவிடலாமா என்று நிலைய அதிகாரியே பேச ஆரம்பித்திருந்தார். இப்போது கத்தினால் சரியாகக் கத்தியதாகிவிடும். ஒரு தடவை சரியாகிவிட்டால் போதும், அப்புறம் அதை ஜென்மத்துக்கும் கழற்ற மாட்டார்கள். ஆரஞ்சுத் தோல், சொறிக்கோடு, மணிச் சத்தம், என் அழுக்கையெல்லாம் கூடத்தில் கொட்டிக் கிளறுவது, எல்லாம் நான் ஓய்வு பெறும் வரைக்கும் நீடிக்கும். விமானங்கள் எத்தனையோ முறை இப்படிப்பட்ட காற்றில் தப்பித்திருக்கின்றன. இதுவும் தப்பிக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது என் கைப்பேசி அடித்தது. மச்சினன்.

கோபுரத்துப் போனில் பேசினால் பதிவாகும். அவன் சொந்தப் போனில் கூப்பிட்டான், அது விதிக்கு விரோதம். விளையாட்டுப் பேச்சு இல்லை. குரலில் பயம் இருந்தது.

"மாமா, கெழக்கால ஒரேயடியா கறுத்துட்டு வருது. அழுமூஞ்சி சத்தமே காணோம். ஒருத்தன் இறங்கிட்டு இருக்கான், மேல ஏத்திரவா? அங்க எதாவது தெரியுதா, பாத்துச் சொல்லுங்க."

நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

"படம் சுத்தமா இருக்கு. இறக்கு" என்றேன்.

அவன் "சரி மாமா" என்று வைத்துவிட்டான். அவ்வளவுதான் பேச்சு. பொய் என்று நீங்கள் சொல்லலாம். கோபுரத்தில் அவனுக்கு எதிரே இருந்த படம் சுத்தமாகத்தான் இருந்தது. அதைச் சுத்தமாக்கியவன் நான்.

புள்ளி வட்டத்துக்குள் போனது. பக்கத்தில் இருந்த உயரக் கணக்கு கொஞ்சம் ஏறியது, அப்புறம் புள்ளி திரையில் இல்லை. நான் முதல் வேலையாகக் கோடுகளுக்கு மஞ்சள் நிறத்தைத் திரும்பக் கொடுத்தேன். இரண்டாவதாக என் அறைத் திரையை அணைத்தேன். பிறகு எல்லாரோடும் ஓடினேன். நீங்கள் பெட்டியை எடுத்துச் சோதித்தபோது கோடுகள் இயங்கிக்கொண்டிருந்ததாகத்தான் வந்திருக்கும். கோபுரத்தில் இரண்டு பேர் கோடு தெரியவில்லை என்றார்கள், ஒருவர் தெரிந்தது என்றார். பயத்தில் உளறுகிறார்கள் என்று விட்டுவிட்டீர்கள். விபத்துக்குப் பிறகு தலைமையகத்திலிருந்து திரும்பி வந்த பெட்டிக்காரம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்து, நிறத்தை மாற்றினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. இப்போதும் தூரத்திலிருந்து என்னைப் பார்க்கிறார்.

குப்பைமேட்டுக்கு மற்றவர்களோடு நானும் போனேன். மழையில் குப்பை நொதித்து, அதோடு எரிந்த எண்ணெய், அதோடு மற்றது. எது மனுஷர் எது குப்பை என்று தெரியாமல் கிளறிக்கொண்டிருந்தார்கள். உயிரோடு எடுத்தவர்கள் சிலர்தான். ஒரு பெண் குழந்தையின் பெட்டி திறந்து கிடந்தது, துணிமணியெல்லாம் சகதி. எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு வேலியோரம் நின்றேன். அத்தனை களேபரத்திலும் பறவைகள் திரும்பி வந்து இறங்கின. அவற்றைப் பார்த்ததும் வாந்தி எடுத்துவிட்டேன். பார்த்தவர்கள் எனக்கு மனசு தாங்கவில்லை என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டார்கள்.

அந்தப் போனைப் பற்றி நீங்கள் அவனிடம் விசாரித்தீர்கள். யாரைக் கூப்பிட்டாய், என்ன பேசினாய் என்று கேட்டீர்கள். வீட்டுத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர், அதற்கு ஆள் வந்தானா என்று மாமாவைக் கேட்டேன் என்று சொன்னான். என்னிடமும் நீங்கள் கேட்டீர்கள். நானும் மோட்டார் என்றேன். நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை ஐயா. அவன் சொன்னதை நீங்களே என்னிடம் சொன்னீர்கள், நான் ஆமாம் என்றேன். விமானம் இறங்கும்போது வீட்டுப் பேச்சுப் பேசினான் என்று அதையும் அவன் மேல் ஏற்றிவிட்டீர்கள்.

வேலையிலிருந்து நிறுத்திவைத்ததும் என் மனைவி அவனைப் போய் அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். தனியாக விட்டால் ஏதாவது செய்துகொள்வான் என்று அவளுக்குப் பயம். இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். சாப்பிடுவதில்லை, குளிப்பதில்லை. அக்கா அடுப்படிக்குப் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொள்வான். கண்ணைத் துடைத்த கை, மூக்கைத் துடைத்த கை, நகமெல்லாம் கடித்துப் பச்சைப் புண். அது எப்போதும் ஈரமாக இருக்கும்.

"நீங்க பார்த்ததத்தானே சொன்னீங்க மாமா. உங்களுக்கு என்ன தெரியும்? பெட்டி ஏமாத்திருச்சு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஒருத்தன் மாட்டினது போதும், அக்காவுக்கு நீங்களாவது வேணும்."

தினமும் இதே பேச்சு, இதே கை. இழுத்துக்கொண்டால் என் மனைவி பார்த்துவிடுவாள். அவன் போன பிறகும் கை பிசுபிசுவென்று இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த வெதுவெதுப்பு போகாது.

நான் இங்கே கிளம்புவதற்கு முன் என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எப்படியாவது என் தம்பியக் காப்பாத்துங்க" என்றாள். சரி என்றேன். அவளுக்காகத்தான் வந்தேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும். முதலில் நான் வருவதாகவே இல்லை ஐயா. அடுத்த வாரம் நீங்கள் அவனைக் கொண்டுபோய்விட்டால் தொல்லை விட்டது என்று காத்திருந்தேன். நேற்று அவள் ஜாமீனுக்கு வக்கீல் பார்த்துவிட்டாள். சீக்கிரமே வெளியே எடுத்துவிடலாம், வழக்கு முடிய எத்தனை வருஷமானாலும் வீட்டிலிருந்தே நடத்தலாம் என்று அவர் தைரியம் சொல்லியிருக்கிறார். அத்தனை வருஷமும் அவன் என் பக்கத்தில் உட்காருவான்.

காற்றை நான் பார்த்தேன், தெரிந்துதான் இறக்கச் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் மச்சினனை வரவழைத்து, இதை ஒரு வரி விடாமல் அவனுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முழுக்கக் கேட்கட்டும். அதற்குப் பிறகு அவன் என் கையைத் தொட மாட்டான்.